ஈஸ்ட் இல்லாமல் வீட்டில் நான் செய்ய முடியுமா?

நீங்களும் செய்யலாம், நானும் செய்யலாம். கேட்டது நான் ரொட்டியைப் பற்றி என்று புரிகிறது!

யாங்கூனில் எங்கள் வீட்டில் ஈஸ்ட் வாங்குவதையே விட்டாயிற்று. கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊரில் ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரிதான். திறந்த ஈஸ்ட் டப்பா மழைக்கால ஈரத்தில் நமத்துப்போய், ஒருநாள் பிசைந்த மாவு நாலு மணி நேரம் கழித்தும் வைத்தபடியே கிடந்தது. ஈஸ்ட் உயிருள்ள சமாச்சாரம். செத்துப்போனால் கெஞ்சினாலும் எழும்பாது.

அதைவிடப் பெரிய தொல்லை, எங்கள் மாமியாருக்கு நான் என்றால் தெருமுனை டீக்கடை நான்ப்யாதான். (பர்மியத்தில் 'ப்யா' என்றால் தட்டை.) அவித்த பட்டாணியோடு காலையில் சுடச்சுடத் தருவார்கள். கடைக்காரர் மாவைத் தட்டி தந்தூரி அடுப்பின் உள்சுவரில் அறைவார். உள்ளே 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் ரொட்டி உப்பி வெந்துவிடும். ஈரம் காய்வதற்குள் வெந்துவிடுவதால்தான் அந்த மெது. ஆகவே, ஈஸ்டுக்குப் பதில் என்ன போடலாம் என்று தேடுவதைவிட, அந்தச் சூட்டை வீட்டில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசியுங்கள்.

மாவு சுலபம். கால் வீசை மைதா, அதாவது 400 கிராம். (இங்கே வீசை 1.6 கிலோ. தமிழ்நாட்டுப் பழைய வீசை 1.4 கிலோதான், ஊரில் இருக்கும் சித்தியிடம் அளவு சொல்லும்போது இதில் ஒரு சண்டையே வந்தது.) புளித்த தயிர் ஒரு கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு டீஸ்பூன், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தேவைக்கு வெதுவெதுப்பான தண்ணீர். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டுகிற பதம்.

சோடாவில் கை தாராளம் வேண்டாம். முதல் தடவை நான் ஒரு டீஸ்பூன் குவித்துப் போட்டேன். நான் மஞ்சளாக வந்தது. வீட்டுக்காரர் ஒரு வாய் மென்றுவிட்டு, "இது எந்த சோப்பு?" என்று கேட்டார். தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து வாயு உண்டாகும், அதுதான் மாவைத் தூக்கும். புளிப்புக்கு மிஞ்சிய சோடா அப்படியே தங்கிக் கசக்கும். அந்த வாயு உடனே கிளம்பிவிடும் என்பதால் மாவை ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் போதும், அதற்குள் மாவும் இளகி, தேய்த்தால் சுருங்காமல் நிற்கும். பேக்கிங் பவுடரில் பாதி வேலை சூடு பட்ட பிறகுதான் நடக்கும், அதனால் இரண்டும் வேண்டும்.

இனி கல். இரும்பு தோசைக்கல்தான். நான்ஸ்டிக்கில் நான் ஒட்டாது, கவிழ்த்தால் விழும். எனக்கு நேராகக் கரியிலேயே விழுந்தது. எட்டு உருண்டை பிடித்து, சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிமனாகத் தேய்த்து, ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் தடவுங்கள். தண்ணீர் தெளித்தால் உருண்டோடும் அளவு காய்ந்த கல்லில் ஈரப் பக்கம் கீழே வரும்படி போடுங்கள். மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பியதும் கைப்பிடியைப் பிடித்துக் கல்லோடு கவிழ்த்து, தணலுக்கு நாலு விரல் மேலே காட்டுங்கள். கொப்புளங்கள் கருத்துப் புள்ளி விழும், அரை நிமிடம்கூட ஆகாது. கேஸ் என்றால் தீயைக் கூட்டிச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். கரி அடுப்பு இன்னும் நல்லது, தணல் ஒரே சீராக எரிக்கும். கரண்ட் இல்லாத வீட்டுக்கு இப்படி ஒரு லாபம். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருந்தால் மூடி போட்டு வேகவைத்துத் திருப்பிவிடுங்கள், சுமாராக வரும்.

சுரண்டி எடுத்ததும் வெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். தட்டில் திறந்து வைத்தால் பத்து நிமிடத்தில் விறைத்துவிடும். தயிர் இல்லையென்றால் ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு பிழிந்து, திரிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். ஈஸ்ட் மாவின் அந்தப் புளித்த வாசனை இதில் இருக்காது. மாமியார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் மூன்று சாப்பிட்டார்.