எஸ்.எம்.பி.எஸ். சத்தம்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் பெட்டிக்குள் கரகரவென்று அரைக்கிற மாதிரி சத்தம். ஐந்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டதா?

பதில்: போகவில்லை. எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாகம். அதன் ஃபேன் தேய்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ்.களில் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங் ஃபேன்தான் (எண்ணெய் பூசிய குழலுக்குள் அச்சு சுற்றும் வகை) இருக்கும். அதிலுள்ள எண்ணெய் நாளடைவில் வற்றிக் கெட்டியாகிவிடும். இரவெல்லாம் சும்மா கிடந்த ஃபேன் சுற்றத் தொடங்கும்போது அச்சு உரசுகிறது. சூடேறி எண்ணெய் இளகியதும் சத்தம் அடங்குகிறது. சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இன்று ஐந்து நிமிடம் கேட்பது நாளாக ஆக அரை மணி நேரம் கேட்கும், ஒரு நாள் ஃபேன் நின்றே போகும்.

முதலில் சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். பிராசஸர் ஃபேன், கேபினெட் ஃபேன், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதே பெட்டியில்தான் இருக்கின்றன. செய்தித்தாளைக் குழல் மாதிரி சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோங்கள். பேப்பர் ஃபேனுக்குள் சிக்காமல் கொஞ்சம் தள்ளியே பிடியுங்கள். எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ்.தான் என்று தெரிந்தால், எண்ணெய் விடலாமே என்று நீங்களே அதைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே டி.சி.யாக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது, ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்க உதவும் சுற்று) உள்ள மாடல்களில் 400 வோல்ட்டை நெருங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். வாரண்டி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஃபேன் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: கேம் ஆடும்போது மட்டும் 'கீ...' என்று மெல்லிய சத்தம் வருகிறது. கேமை மூடினால் நின்றுவிடுகிறது.

பதில்: இதைக் காயில் வைன் என்பார்கள். காயில் வழியாகப் போகும் மின்சாரம் வேகமாக ஏறி இறங்கும்போது அதன் கம்பிச் சுற்று நுண்ணியதாக அதிர்கிறது. அதிர்வு நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் வந்தால் இந்தச் சத்தம் கேட்கும். ஆபத்து இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டுமல்ல, கிராபிக்ஸ் கார்டிலும் இது வரும். சொல்லப்போனால் அங்கேதான் அதிகம். கேமின் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு இணைக்கும் வி-சிங்க்கை ஆன் செய்து பாருங்கள், அல்லது ஃபிரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை படம் என்பதை) 60க்குள் கட்டுப்படுத்துங்கள். கேமின் மெனு திரையில் ஃபிரேம் ரேட் கட்டில்லாமல் எகிறும்போதுதான் சத்தம் உச்சத்துக்குப் போகும்.

கேள்வி: ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் 'டிக்' என்று ஒரு சத்தம். புதிதாக வாங்கியது.

பதில்: அது ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிறு ஸ்விட்ச். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் பலவற்றில் உண்டு. ஆன் செய்ததும் வேகமாகப் பாயும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் தெர்மிஸ்டர் என்ற பாகத்தை, வேலை முடிந்ததும் அது ஒதுக்கிவிடுகிறது. ஒரு தடவை 'டிக்' என்றால் கவலை வேண்டாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் டிக், டிக் என்று திரும்பத் திரும்பக் கேட்டால் எங்கோ ஷார்ட் இருக்கலாம், எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்று நின்று முயற்சி செய்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் எஸ்.எம்.பி.எஸ். உறுமுகிறது. கரண்ட் வந்ததும் அமைதியாகிவிடுகிறது.

பதில்: அந்த நேரத்தில் சீலிங் ஃபேனும் சேர்ந்து உறுமுகிறதா? அப்படியென்றால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். மின்வாரியம் தரும் மின்சாரம் அலைபோல ஏறி இறங்கும். ஸ்கொயர் வேவில் அது படிக்கட்டு மாதிரி சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். அந்த ஒவ்வொரு தாவலிலும் உள்ளே இருக்கும் சோக் காயில் அதிர்கிறது. ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ளவற்றில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சில மாடல்கள் இந்த மின்சாரத்தில் ஓடாமல் அணைந்தே போகும்.

பத்து நிமிடம் ஓட்டி வேலையைச் சேமித்து அணைப்பதாக இருந்தால் பெரிய பாதகம் இல்லை. நாள்தோறும் மணிக்கணக்கில் என்றால் மின்வாரியம் போலவே அலையாகத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள் என்றுதான் சொல்வேன். அப்புறம், இன்வெர்ட்டரின் பின்பக்கம் யு.பி.எஸ். மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், இன்வெர்ட்டர் சீக்கிரம் மாறும். மின்சாரம் அறுந்தால் ஒரு எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி விநாடிதான். இன்வெர்ட்டர் அதற்குள் மாறாவிட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

கேள்வி: மழை நாட்களில் பொரிவது மாதிரி 'சட் சட்' என்று சத்தம். லேசாகக் கருகிய வாடையும் வருகிறது. இரண்டு நாள் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். சுவர் ஸ்விட்சை இப்போதே அணைத்துப் பிளக்கை எடுங்கள். உள்ளே படிந்த தூசி ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரம் தாவ வழி செய்திருக்கலாம், கெப்பாசிட்டர் கசிந்திருக்கலாம், பல்லியோ எறும்போ மாட்டியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் மறுபடி ஆன் செய்து சோதிக்கக் கூடாது. இந்த நிலையில் எஸ்.எம்.பி.எஸ். செத்தால் மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோக வாய்ப்பு உண்டு. ரிப்பேருக்குச் செலவு செய்யாமல் புதிதாகவே வாங்குங்கள். டிஸ்க்கில் குடும்பப் படங்கள், கணக்குகள் இருந்தால் அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்.