பேட்ச் வெள்ளையாக வந்துவிட்டது, கரி மட்டும் போகவில்லை

கேள்வி: என் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளின் குழலைச் சுத்தம் செய்ய அமோனியா சால்வென்ட் வாங்கினேன். பேட்ச் துணி முதலில் நீலமாகவும், பிறகு வெள்ளையாகவும் வந்தது. ஆனாலும் சுட்டபின் போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடும் பூட்டு) இறுக்கமாகத்தான் திறக்கிறது, குறியும் சிதறுகிறது. இதைவிடக் காரமானதாக வாங்கவா?

பதில்: வேண்டாம். நீங்கள் வாங்கியது செம்புக்கான சால்வென்ட். துணியில் தெரிந்த நீலம், பாய்ந்துபோகும் குண்டின் மேலுறையிலிருந்து குழலில் ஒட்டிய செம்பு. கெட்டிப்பட்ட கரியை அமோனியா அவ்வளவாகத் தொடாது. பித்தளை, வெண்கல பிரஷ் போட்டால் அதையும் அரித்து நீலம் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடிந்து புரி (குழலின் உட்சுவரில் உள்ள சுருள் வரிகள்) தொடங்கும் இடத்தில்தான் கரி வளையமாக இறுகும். அது தடித்தால், சுடும்போது தோட்டாக்கூட்டின் கழுத்து விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். போல்ட் இறுக்கத்துக்கு அது காரணமாக இருக்கலாம். கூடுதல் வெடிமருந்தும் காரணமாகலாம். எதுவென்று தெரியும்வரை சுடாதீர்கள். கரியை எடுத்த பிறகும் இறுகினால், துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது பாட்டிலுக்கு முன் போர் கைடு வாங்குங்கள், அதாவது சுத்தம் செய்யும் ராடை (கம்பியை) குழலின் நடுவில் நேராகச் செலுத்தும் குழாய். அது இல்லாவிட்டால் ராடு வளைந்து, புரி தொடங்கும் இடத்தையே உரசும். ராடு ஒரே துண்டாக இருக்கட்டும். அப்புறம் லேபிளில் ‘கார்பன்’ என்று போட்ட சால்வென்ட், நைலான் பிரஷ்.

சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே வேண்டாம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பின்பக்கமிருந்து இரண்டு ஈரப் பேட்ச் தள்ளி, லேபிள் சொல்லும் நேரம் ஊற விடுங்கள். பெரும்பாலும் 10, 15 நிமிடம். பிறகு பிரஷைப் பத்து முறை போட்டு எடுங்கள். அது குழல் வாயைத் தாண்டி முழுதாக வெளியே வந்தபிறகே பின்னுக்கு இழுக்க வேண்டும். நடுவில் திருப்பினால் மயிர்கள் மடங்கிப் பாழாகும்.

வளையத்துக்கு இது மட்டும் போதாது. ஒரு சைஸ் பெரிய பிரஷில் ஈரப் பேட்சைச் சுற்றி, அந்த இடத்திலேயே நிறுத்தித் திருகுங்கள். எப்போதும் வலஞ்சுழியாகத்தான், இடஞ்சுழியாகத் திருகினால் பிரஷ் கழன்று உள்ளேயே தங்கிவிடும். கைப்பிடி தானாகச் சுழலும் ராடு இதற்கு ஆகாது. உரசும் பேஸ்ட் கடைசி வழி, அதுவும் அந்த இடத்துக்கு மட்டும்.

கரி போனதா என்பதைத் துணி சொல்லாது. குழலுக்குள் போகும் சின்னக் கேமராதான் சொல்லும். காசு மிஞ்சினால் அதில் போடுங்கள். முடிந்ததும் உலர்ந்த பேட்ச், மெல்லிய எண்ணெய். அடுத்து சுடுமுன் அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க மறக்காதீர்கள்.