புதுச்சேரி பின்னணியில் எழுதப்படும் ஒற்றர் காதல் நாவல்களில் வாசகர்கள் எதைக் குறை சொல்கிறார்கள்?

காதலை விடத் தேதிகளில்தான் அதிகம் இடிக்கும். 1740களில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில், ஆங்கிலேயர் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையில். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய நாள்காட்டியையே பின்பற்றினார்கள். அது பிரெஞ்சுத் தேதிக்கு 11 நாள் பின்னால் ஓடியது. ஆங்கிலேயர் வசமிருந்த சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்தது ஆங்கிலக் கணக்கில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் 21. அன்று புதுச்சேரியில் எழுதிய ரகசியக் கடிதம் மறுநாள் கடலூர் சேர்ந்தால், அங்கே தேதி 11தான். போலிக் கடிதத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல தடயம் கிடைக்காது. பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

அடுத்தது ஊர். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1765க்குப் பிறகு எழுந்த மஞ்சள் வீடுகளின் நிழலில் 1740களின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்துக் காதலர்கள் சந்தித்தால் உள்ளூர் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அன்றாட வாழ்க்கைக்கு, டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. வதந்தி, வட்டி, விருந்து எல்லாம் அதில் உண்டு.

நாயகியைத் தகவல் கறக்கும் கருவியாக மட்டும் வைத்தால், எவ்வளவு சரியான தேதியும் நாவலைக் காப்பாற்றாது.