கீழாநெல்லியில் கதிரியக்கமா?

கேள்வி: ஜவ்வாது மலை அடிவாரத்தில் பிடுங்கிய கீழாநெல்லியை உலர்த்தி இடித்து வைத்திருக்கிறேன். மலை மண்ணிலேயே கதிரியக்கம் உண்டு, மூலிகையிலும் அது ஏறிவிடும் என்று மருமகன் தடுக்கிறார். சாப்பிடலாமா ஐயா?
– ஒரு வாசகி, ஆலங்காயம்

பதில்: மண்ணைப் பற்றி உங்கள் மருமகன் சொல்வது உண்மைதான் அம்மா. நம் வட ஆற்காட்டுச் செம்மண் பெரும்பாலும் கருங்கல் பாறை சிதைந்து உண்டானது. கதிரியக்கமுள்ள யுரேனியமும் தோரியமும், பொட்டாசியத்தில் சிறிதளவு கலந்திருக்கும் பொட்டாசியம் 40-உம் அந்தப் பாறையோடு பிறந்தவை. திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் என்ற கனிமமே இருக்கிறது.

ஆனால் மண்ணில் உள்ளதெல்லாம் இலைக்கு ஏறிவிடாது. தோரியம் மண் துகளை இறுகப் பற்றிக்கொள்ளும். வேர் உறிஞ்சுவது மிகச் சொற்பம். பொட்டாசியமோ செடிக்கு உணவு, தேடி இழுத்துக்கொள்ளும். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறக்குறைய 31 அணுக்கள் சிதைந்து கதிர் வீசுகின்றன. உலர்ந்த மூலிகையில் நூற்றுக்கு 2 பங்கு பொட்டாசியம் என்று வைத்தால், 5 கிராம் பொடியில் நொடிக்கு 3 சிதைவு. 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பிலேயே நொடிக்கு 4,000-க்கும் மேல் நடந்துகொண்டிருக்கிறது! மிஞ்சிய பொட்டாசியத்தை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகைப் பொடியையும் தொட வேண்டாம். அது கதிரியக்கத்துக்காக அல்ல, பொட்டாசியத்துக்காக.

நான் பார்க்கச் சொல்வது வேரை. கீழாநெல்லியைச் சமூலமாகத்தான், அதாவது வேரோடு முழுச் செடியாகத்தான், எடுக்கிறோம். ஒரு செடியைக் கவிழ்த்துப் பாருங்கள்: சல்லி வேர்களுக்கு நடுவே செம்மண்ணும், வெயிலில் மினுக்கும் அப்பிரகத் (மைக்கா) துகளும் அப்பிக்கொண்டிருக்கும். அதோடு உலர்த்தி இடித்தால் மண்ணையும் சேர்த்தே விழுங்குகிறோம். இலைக்கு ஏறாத தோரியம் வயிற்றுக்குள் போக அதுதான் வழி. பச்சையாக இருக்கும்போதே தண்ணீர் தெளியும்வரை வேரை அலசி உலர்த்துங்கள். கழுவாமல் இடித்த பொடி என்றால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

இவ்வளவு அக்கறையோடு கேட்கும் உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் நான் அஞ்சுவது கதிரியக்கத்துக்கு அல்ல, குரோமியத்துக்கு. ராணிப்பேட்டையிலும் ஆம்பூர், வாணியம்பாடிப் பாலாற்றுப் பகுதியிலும் தோல் பதனிடும் குரோமியக் கழிவு இறங்கிய மண் இருக்கிறது. செடி உறிஞ்சும் குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். அது ஒட்டிய மண் அல்ல. எத்தனை முறை அலசினாலும் போகாது. சமூலத்தில் அந்த வேரும் சேர்ந்துவிடுகிறது. உங்கள் மலையடிவாரச் செடிக்கு இந்தப் பயம் வேண்டாம். கடையில் வாங்குவதானால், எந்த ஊரில் பிடுங்கியது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.