முதலில் அவள் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுங்கள்

ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம், மகள் மனத்தையும் மூளையையும் ஆராயும் துறைக்குப் போனால் என்னென்ன கைவிட்டுப் போகும் என்ற கணக்கு. அவள் ஏன் போக நினைக்கிறாள் என்பதற்கு நான்கே வரி. “மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள், முடிவெடுக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய வேண்டுமாம். இதெல்லாம் ஒரு படிப்பா?”

அவள் படிக்க விரும்பும் துறை உங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. ஒரு தொகை கையில் வரும்போது உண்டாகும் மகிழ்ச்சியைவிட அதே தொகை கைவிட்டுப் போகும்போது உண்டாகும் வலி பெரிது என்று 1979இல் டேனியல் கானெமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். 1992இல் அவர்களே கணக்கிட்டபோது அது இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வந்தது. அதனால் உங்கள் மூன்றரைப் பக்கத்தைப் பாதியாகக் குறைத்துப் படித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு குழப்பத்தை மட்டும் முதலில் தீர்த்துவிடுகிறேன். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் சோதனைகள் செய்து, பேச்சுவழிச் சிகிச்சை அளிக்கப் பயிற்சி பெற்றவர். உங்கள் மகள் கேட்பது மூன்றாவது வகை: நோயாளியின் எதிரே அமராமல், ஆய்வுக்கூடத்தில் அளவெடுத்து, எண்களோடு மல்லுக்கட்டும் ஆராய்ச்சியாளர். “மகள் நாளெல்லாம் நோயாளிகளோடு இருக்க வேண்டுமே” என்ற கவலை இந்த மூன்றாவதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி என் அறையில் நடப்பதைச் சொல்கிறேன். மனத்தை ஆராய வேண்டும் என்று வரும் பிள்ளைகளிடம் நான் மதிப்பெண் கேட்பதில்லை. இரண்டு தாள்களையும் ஒரு ஸ்டாப்வாட்சையும் மேசைமேல் வைப்பேன். முதல் தாளில் நாற்பது வண்ணக் கட்டங்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறத்தைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். எல்லோரும் கடகடவென்று முடித்துவிடுவார்கள். இரண்டாம் தாளில் நாற்பது சொற்கள். ‘சிவப்பு’ என்ற சொல் நீல மையில் இருக்கும், ‘பச்சை’ மஞ்சளில் இருக்கும். சொல்லை வாசிக்கக் கூடாது; மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது சொல்லிலேயே நாக்கு இடறும். “சி... இல்லை, நீலம்” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் இதைச் செய்தபோது, நூறு கட்டங்களுக்குச் சராசரியாக 63 விநாடி பிடித்தது. நூறு சொற்களுக்கு 110 விநாடி. வாசிப்பது நமக்கு அவ்வளவு ஊறிப்போன பழக்கம். வாசிக்காதே என்று நமக்கு நாமே கட்டளையிட்டாலும் கண் கேட்பதில்லை.

சிரித்து முடித்ததும் நான் சொல்வது ஒன்றுதான்: “இருபது பேரிடம் செய்து, எண்களைக் கொண்டு வா.”

பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அது நல்லது, அவர்களுக்கு நான்கு ஆண்டுகள் மிச்சம். ஒரு பையன் வந்தான், மிக அழகான கட்டுரை ஒன்றோடு. அதில் ஆறு பேரின் எண்கள்தான் இருந்தன. மற்றவர்கள்? “அவர்களுக்கும் இப்படித்தான் வரும் சார்” என்றான். அவனை எழுத்துத் துறைக்குப் போகச் சொன்னேன், இப்போது சந்தோஷமாக இருக்கிறான். இன்னொரு மாணவி கசங்கிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். இருபது பேர், நாற்பது எண்கள், ஓரத்தில் பென்சில் குறிப்புகள். பன்னிரண்டாம் ஆளுக்கு நடுவில் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. பதினேழாம் ஆள், தனக்கு நிறக்குருடு உண்டு என்று எல்லாம் முடிந்த பிறகு சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் கேட்டாள்: “பதினேழை நீக்குவதில் சிக்கல் இல்லை. பன்னிரண்டை நீக்கலாமா? நீக்கினால் முடிவு இன்னும் அழகாக வருகிறது. அதனால்தான் நீக்கப் பயமாக இருக்கிறது.”

அந்தப் பயம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. இந்தத் துறை கடந்த சில ஆண்டுகளாகப் பட்ட பாடு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைப் பெரிய ஆய்வாளர் குழு ஒன்று மறுபடி செய்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டது. முதல்முறை 97 சதவீத ஆய்வுகள் புள்ளியியல்படி தேறியவை. மறுமுறை தேறியவை 36 சதவீதம். இதற்கு யாரும் மோசடி செய்திருக்க வேண்டியதில்லை. பத்திருபது பேரை மட்டும் வைத்துச் சோதிப்பது, முடிவைப் பார்த்த பிறகு பன்னிரண்டாம் ஆளை நீக்குவது, நல்ல முடிவு வந்தால் மட்டும் இதழுக்கு அனுப்புவது, இவையே போதும். இப்போது நல்ல ஆய்வுக்கூடங்களில், எத்தனை பேரைச் சோதிப்போம், யாரை நீக்குவோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிடுகிறார்கள். “இவ்வளவு ஆட்டம் கண்ட துறைக்கு என் மகளை அனுப்புவதா?” என்று கேட்பீர்கள். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்து, வந்த நஷ்டத்தை ஊரறிய அறிவித்த துறை என்பதால் எனக்கு இதன்மேல் மரியாதை கூடியிருக்கிறது.

மூளைப் படங்களைப் பார்த்து மயங்கி வரும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் மகளும் ஒரு படத்தைக் காட்டினாள் என்று எழுதியிருந்தீர்கள்: பயப்படும்போது மூளையில் ஒரு புள்ளி சிவப்பாக ஒளிர்கிறதாம். அந்தப் படத்தை எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி எண்ணத்தையோ பயத்தையோ படம் பிடிப்பதில்லை. நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்குப் புது ரத்தம் பாய்கிறது. ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவு மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கருவி பிடிக்கிறது. அதுவும் உச்சத்தை எட்ட ஐந்தாறு விநாடி ஆகும். சிவப்பு, கணக்குப் போட்ட பிறகு கணினி பூசும் நிறம். மூளையைப் பல்லாயிரம் சிறு கனசதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால், தற்செயலாகவே சில ஒளிரத்தான் செய்யும். இதைக் காட்ட 2009இல் சில ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, படத்திலிருப்பவரின் உணர்ச்சி என்ன என்று அதனிடம் கேட்டார்கள். அந்தத் தற்செயலைக் கழிப்பதற்கான உரிய திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையிலும் சில புள்ளிகள் ஒளிர்ந்தன. இந்த மீன் கதையை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். படம் பொய் என்று முகம் வாடினால் ஒரு செய்தி. “திருத்தம் என்றால் என்ன?” என்று கேட்டால் வேறு செய்தி.

எதைப் படிக்க வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ‘உளவியல்’ என்று பெயர் போட்ட பட்டம் ஒன்றுதான் வாசல் என்று நினைக்க வேண்டாம். நினைவை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் கேம்பிரிட்ஜுக்குக் கணிதம் படிக்கப் போய் உளவியலுக்கு மாறியவர். 1953இல் வலிப்பு நோய்க்காக ஒருவருக்கு மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை அறுத்தெடுத்தார்கள். அதன் பிறகு அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. மில்னர் அவர் கையில் பென்சிலைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டோடு கோடாக வரையச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் கை தேறிக்கொண்டே வந்தது. அவரைக் கேட்டால், இதை முன்பு செய்ததாகவே நினைவில்லை. நினைவு என்பது ஒன்றல்ல, பல வகை என்ற பெரிய உண்மை ஒரு பென்சிலிலும் கண்ணாடியிலும் சிக்கியது.

மூளை ஆய்வாளர் அன்டோனியோ டமாசியோ மருத்துவம் வழியாக வந்தவர். நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதியில் சேதமடைந்த சிலர், புத்திக்கூர்மைச் சோதனைகளில் நன்றாகவே தேறினார்கள். வாழ்க்கையில் எடுத்த முடிவெல்லாம் தவறாகப் போயிற்று. 1994இல் பெச்சாராவும் டமாசியோவும் மற்றவர்களும் அப்படிப்பட்டவர்கள் முன் நான்கு சீட்டுக்கட்டுகளை வைத்தார்கள். இரண்டு கட்டுகளில் பெரிய பரிசும் அதைவிடப் பெரிய அபராதமும். மற்ற இரண்டில் சிறிய பரிசும் அதைவிடச் சிறிய அபராதமும். நூறு சீட்டு எடுப்பதற்குள், மூளையில் சேதமில்லாதவர்கள் மெல்ல நல்ல கட்டுகளுக்கு நகர்ந்துவிட்டார்கள். இவர்கள் கெட்ட கட்டிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்கள். உணர்ச்சி குறைந்தால் அறிவு தெளியும் என்ற நம் பழைய நம்பிக்கைக்கு இது நல்ல அடி. அந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பீட்டர் டயான் கணிதம் படித்துவிட்டுச் செயற்கை நுண்ணறிவு வழியாக வந்தவர். குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களை அளந்துகொண்டிருந்தவர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். எதிர்பார்த்த பரிசு எதிர்பார்த்தபடி வந்தால் அந்த அணுக்கள் வழக்கம்போல் இருந்தன. எதிர்பாராமல் வந்தால் துடித்தன. வர வேண்டியது வராவிட்டால் அடங்கின. கணினிக்குக் கற்பிக்க எழுதப்பட்ட ஒரு சமன்பாடு அதற்கு அப்படியே பொருந்துவதை டயானும் மான்டெக்யூவும் ஷுல்ட்ஸும் 1997இல் எழுதிய கட்டுரை காட்டியது. டோபமின் என்றால் இன்ப ரசாயனம் என்று உலகம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது, போகட்டும்.

ஆகவே கணிதம், உயிரியல், கணினி அறிவியல், மருத்துவம், உளவியல் எதுவும் வாசல்தான். எந்த வாசலில் நுழைந்தாலும் புள்ளியியல் தப்பாது. ‘ஆர்’ அல்லது ‘பைத்தான்’ நிரல்மொழியில் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக்குப் பயந்து உளவியலுக்குள் ஓடி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் கணக்கு அவர்களைத் தேடி வந்துவிடும்.

வேலை. இதில் பூசி மெழுக மாட்டேன். முனைவர் பட்டத்துக்கே மூன்று முதல் ஆறு ஆண்டுகள். அதன்பின் தற்காலிக ஆய்வுப் பணியில் மேலும் சில ஆண்டுகள். பல்கலைக்கழக நிரந்தர இடங்கள், பட்டம் பெறுபவர்களின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு. ‘பேராசிரியர் அல்லது ஒன்றுமில்லை’ என்று கிளம்பும் பிள்ளையை நான் தடுப்பேன். இந்தப் பயிற்சி வெளியிலும் செல்லும் என்று தெரிந்து கிளம்புபவர்களைத் தடுப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு, இறக்கை மடிப்புக்கான பிடியை இழுப்பதாக நினைத்துச் சக்கரத்துக்கான பிடியை இழுத்துவிட்டார்கள். விமானம் வயிற்றால் தரையில் உட்கார்ந்தது. விமானியின் கவனக்குறைவு என்று எழுதி வைத்தார்கள். அல்ஃபான்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர், இரண்டு பிடிகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தார். சக்கரப் பிடியின் நுனியில் ரப்பர் சக்கரமும் இன்னொன்றில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தினார். கை தொட்டதும் தெரிந்துவிடும். விமானங்களில் இன்றும் சக்கரப் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது. மருத்துவக் கருவி வடிவமைப்பு, மென்பொருள் பயனர் ஆய்வு, மருந்துப் பரிசோதனை, பொதுச் சுகாதாரம், தரவு ஆய்வு என்று இந்தத் திறமைக்கு இடம் உண்டு. மக்களின் நடத்தை பற்றிய ஆய்வை அரசுத் திட்டங்களில் பயன்படுத்தவென்றே பிரிட்டன் அரசு 2010இல் ஒரு குழு அமைத்தது.

தன் மனக்காயத்துக்கு மருந்து தேடி இந்தப் படிப்புக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதற்கு ஓர் ஆலோசகரைப் பாருங்கள், பட்டம் அந்த வேலையைச் செய்யாது. முகத்தைப் பார்த்து மனத்தைப் படிக்கலாம் என்று வருபவர்களுக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. அடிப்படை உணர்ச்சிகள் ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுதும் ஒரே முகபாவம் என்றார் பால் எக்மன் என்ற உளவியலாளர். முகத்தை வைத்து உணர்ச்சியை அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்று லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் 2019இல் விரிவாக எழுதினார்கள். தீர்ப்பு வராத வழக்குகள் நிறைந்த நீதிமன்றம் இது. அந்தச் சலசலப்பு பிடித்திருக்க வேண்டும்.

நீங்கள் எப்படி முடிவெடுப்பது? 1955இல், இருபத்தொரு வயதில், இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் நேர்காணலைச் சீரமைக்கும் வேலை கானெமனுக்கு வந்தது. ‘இவன் நல்ல வீரன் ஆவான்’ என்று பேசிப் பார்த்து மனத்தில் பட்டதைச் சொல்லும் முறை அதுவரை பலிக்கவில்லை. அவர் ஆறு குணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேள்விகள் வைத்து, ஒன்றை முடித்து மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போகச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடி, ஒட்டுமொத்தமாக ஒரு மதிப்பெண். கணிப்பு முன்பைவிட நன்றாகப் பலித்தது. கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் பலித்தது.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எண்களோடு உட்காரும் பொறுமை, தன் கருத்து தவறு என்று தெரியும்போது முகம் எப்படிப் போகிறது, சலிப்பான வேலையைச் செய்து முடிக்கும் பழக்கம், தெளிவாக எழுதுவது, நிரல் கற்கும் ஆர்வம், பதில் வரத் தாமதமானால் தாங்குவது. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை? அவள் செய்த ஒரு காரியத்தையாவது நினைவுக்குக் கொண்டுவந்த பிறகே எண்ணைப் போடுங்கள். உங்கள் மனைவி தனித்தாளில் போடட்டும். இருவரும் எழுதி முடிக்கும்வரை பேசிக்கொள்ளக் கூடாது.

அதற்கு முன் இருபது பேர் சோதனை. ஸ்டாப்வாட்ச் உங்கள் தொலைபேசியிலேயே இருக்கும். தாள்களை அவளே தயாரிக்கட்டும். யாரை நீக்குவாள் என்பதை முன்கூட்டியே எழுதி, உறையில் போட்டு ஒட்டி உங்களிடம் தரட்டும். முதல் ஆளாக நீங்களே உட்காருங்கள். தடுமாறினால் மறுபடி ஒரு வாய்ப்புக் கேட்காதீர்கள். முதலில் வந்த எண்ணையே அவள் எழுதிக்கொள்ளட்டும்.