பிள்ளைகளிடம் சதிக்கதை சொல்லலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தினேன். ஓய்வு பெற்றபின் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு அறிவியல் மன்றம் நடத்துகிறேன். அங்கே வருகிறவர்கள் இப்போதெல்லாம் கோள்களைவிட, உலகையே மறைவிலிருந்து ஆட்டிவைப்பதாகச் சொல்லப்படும் இலுமினாட்டிக் கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். மருத்துவக் கேள்விகளுக்கு நான் ஏற்ற ஆள் அல்ல. மற்றவற்றைக் கேளுங்கள்.

கோவையிலிருந்து ஒரு தாய்: ஐயா, மகளுக்கு ஆறு வயது. நாளை வெளியே கேட்டு ஏமாறாமல் இருக்க, இப்படிப் பொய்க் கதைகள் உலவுகின்றன என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லதுதானே?

ஆறு வயதில் வேண்டாம் அம்மா. நீங்கள் கதையைச் சொல்லி, முடிவில் "இது பொய்" என்பீர்கள். பிள்ளை மனத்தில் கதை தங்கிவிடும், "பொய்" என்ற சொல் நழுவிவிடும். பெரியவர்களே இதற்கு விலக்கில்லை. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு அது மேலும் உண்மையாகத் தோன்றுகிறது என்பதை அமெரிக்காவில் 1977இல் கல்லூரி மாணவர்களிடமே சோதித்துக் காட்டினார்கள்.

அந்த வயதுக்கு வேறொன்று இருக்கிறது. கிரகணத்தன்று மட்டும்தான் உலக்கை தானாக நிற்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தின்போதும் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திவைத்து வேடிக்கை பார்த்தார்கள். கிரகணமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மகளை உலக்கையைப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். அடிப்பூண் தட்டையாக இருந்தால் அன்றும் நிற்கும். யார் பொய் சொன்னார்கள் என்ற பேச்சே அங்கு தேவையில்லை. "வேறு நாளில் செய்து பார்த்தார்களா?" என்ற கேள்வி அவள் கைக்கு வந்துவிடும். பத்து வயதில் எந்தக் காணொளி வந்தாலும் அந்தக் கேள்வி உதவும்.

திருச்சியிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு ஒன்பது வயது. நிலாவில் யாரும் இறங்கவே இல்லை, எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்த படம் என்று அடித்துச் சொல்கிறான். நான் சிரித்துவிட்டேன். அதிலிருந்து என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

இன்றைக்கு வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் எல்லோரும் படியுங்கள்: சிரிக்காதீர்கள். பிள்ளை உங்களிடம் வந்து சொன்னதே உங்களை நம்பித்தான். சிரித்தால், அடுத்த முறை அந்தக் காணொளிக்காரரிடம்தான் போய்க் கேட்பான்.

இன்றே அவனிடம் "நான் சிரித்தது தவறு, அதில் என்ன சொன்னார்கள், காட்டு" என்று கேளுங்கள். சேர்ந்து பாருங்கள். வானத்தில் நட்சத்திரம் இல்லையே என்பான். இரவு தெருவிளக்கின் அடியில் அவனை நிறுத்தி, முகம் தெளிவாகத் தெரியும்படி செல்பேசியில் படம் எடுங்கள். முகம் விழும், நட்சத்திரம் விழாது. வெயிலில் வெளுத்த நிலாத்தரையையும் வெள்ளை உடையையும் எடுத்த கேமராவுக்கும் அதுதான் நடந்தது. கொடி எப்படி ஆடுகிறது என்பான். கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக்கம்பி உண்டு. கம்பத்தை முறுக்கி நடும்போது துணி அசையும். தடுத்து நிறுத்தக் காற்று இல்லாததால் நெடுநேரம் அசையும்.

பிறகு இதைச் சொல்லுங்கள். 1969 முதல் 1972 வரை ஆறு முறை, மொத்தம் 12 பேர் இறங்கினார்கள். 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் பரம எதிரியான சோவியத் ஒன்றியம் அப்போது கண்கொட்டாமல் கவனித்துக்கொண்டிருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவில் இருந்தபோதே அவர்களுடைய ஆளில்லா லூனா 15 கலம் அங்கே இறங்க முயன்று மோதி நொறுங்கியது. பொய் என்றால் முதலில் ஊரைக் கூட்டியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நம் சந்திரயான்-2 சுற்றுக்கலனும் அப்பல்லோ 11 இறங்கிய இடத்தைப் படம் எடுத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். இன்று நட்சத்திரம், அடுத்த வாரம் கொடி.

சேலத்திலிருந்து: நான்கு வயதுப் பையனுக்கு?

வேண்டாம். பாட்டி வடை சுட்ட கதை போதும்.

வேலூரிலிருந்து ஒரு ஆசிரியை: வகுப்பில் பாடமாகவே நடத்த முடியுமா ஐயா?

முடியும், நடத்தியிருக்கிறார்கள். உகாண்டாவில் 120 தொடக்கப்பள்ளிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு, படக்கதைப் புத்தகத்தைக் கொண்டு, "இந்த மருந்து நோயைக் குணமாக்கும் என்கிறார்களே, அதை எப்படி எடைபோடுவது" என்று ஒரு பருவம் கற்றுக்கொடுத்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. பாடம் படித்தவர்களில் 69 விழுக்காட்டினர் தேர்வில் தேறினார்கள், படிக்காதவர்களில் 27 விழுக்காட்டினர். பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். பக்கத்தில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி வதந்தியால் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை அடையாளம் காணப் பாடம் நடத்தினார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் தயங்காமல் தொடங்குங்கள். ஒரு பொய்யை முழுக்கதையாகச் சொல்லிவிட்டு மறுக்காதீர்கள். ஒன்றை உண்மை என்று சொல்கிறவர் யார், அதற்குச் சான்றாக எதைக் காட்டுகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஈரோட்டிலிருந்து: இலுமினாட்டி உண்மையா? மகள் கேட்கிறாள்.

இருந்தது. 1776 மே 1 அன்று ஆதாம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் பவேரியாவில் தொடங்கிய இரகசியச் சங்கம். பத்து ஆண்டுகளுக்குள் அந்நாட்டு ஆட்சியாளர் தடைசெய்தார், கலைந்துபோனது. மகளிடம் இந்த வரலாற்றையே சொல்லுங்கள். ஆண்டும் ஊரும் ஆளின் பெயரும் தெரிந்துவிட்டால் மர்மம் தானாகக் கரையும்.

தருமபுரியிலிருந்து: பிள்ளை சாப்பிட மறுத்தால் பிள்ளைபிடிக்காரன் வருவான் என்று பயமுறுத்துகிறோம். இதுவும் நீங்கள் சொல்லும் வகையா?

ஆமாம் அம்மா. இதை யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். முகம் தெரியாத ஒருவன் நம் பிள்ளையைத் தூக்கக் காத்திருக்கிறான் என்ற கதையை நாம்தான் சோற்றோடு ஊட்டுகிறோம். 2018 மே மாதம் வாட்ஸ்அப்பில் அதே கதை சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன குடும்பம், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கடத்தல்காரர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். அடித்தவர்கள் வளர்ந்த மனிதர்கள். அவர்களும் ஒருகாலத்தில் இந்தப் பயத்தோடு சோறு உண்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஒவ்வொரு சதிக்கதையிலும் பழி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். வேற்று மொழிக்காரர், வேற்று மதத்தவர், பிச்சை எடுப்பவர், மனநலம் குன்றியவர். பிள்ளைக்கு நாம் கொடுக்கும் கதையில் அந்த ஆள் இருந்தால் அந்தக் கதையே வேண்டாம்.

மதுரையிலிருந்து ஒருவர்: அரசுகள் பொய்யே சொன்னதில்லையா ஐயா? 'சதிக்கதை' என்று முத்திரை குத்தினால் பிள்ளைகள் கேள்வியே கேட்காதவர்களாக வளர்வார்கள்.

சொல்லியிருக்கின்றன தம்பி, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் வந்த 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும் முறையான சிகிச்சை தராமலும் அரசு சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. அந்த நோயைக் குணமாக்கும் பெனிசிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இதைத் தாராளமாகச் சொல்லலாம். அது வெளிவந்த விதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்ளேயிருந்த ஒருவர் பத்திரிகையிடம் பேசினார், ஆவணங்கள் வந்தன, விசாரணை நடந்தது, 1997இல் அதிபர் மன்னிப்புக் கேட்டார்.

மதுரை: அப்படியானால் நேதாஜி? என் தாத்தா கடைசிவரை அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பினார். பசும்பொன் தேவரே சொன்னார். மகனுக்குச் சொல்கிறேன். அதுவும் தவறா?

தவறில்லை. தாத்தாவின் நம்பிக்கையை மகனிடம் மரியாதையோடு சொல்லுங்கள். கூடவே, 1956இல் ஷா நவாஸ் குழுவும் பிறகு கோஸ்லா ஆணையமும், 1945 ஆகஸ்ட் 18 தைபே விமான விபத்தில் அவர் இறந்தார் என்றன, முகர்ஜி ஆணையம் இல்லை என்றது, அரசு அதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். மக்கள் கோப்புகளைக் கேட்டார்கள், 2016இலிருந்து மத்திய அரசு வெளியிட்டது. கேள்வி கேட்பதற்கு இது நல்ல பாடம்.

மதுரை: நீங்கள் எதை நம்புகிறீர்கள்?

விபத்தை. கூடவே பயணம் செய்து உயிர்தப்பிய ஹபிபுர் ரகுமானும், சிகிச்சை அளித்த ஜப்பானிய மருத்துவரும் சாட்சி சொன்னார்கள். அதைவிட வலுவான சான்று எதிர்ப்பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் தாத்தாவின் அன்பு எனக்குப் புரிகிறது. என் தந்தையாரும் அப்படி நம்பியவர்தான்.

மதுரை: அப்படியென்றால் நிலாவுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று விட்டுவிடலாமே?

விட முடியாது தம்பி, இந்த இடத்தில் நான் இறங்கிவர மாட்டேன். நேதாஜி விஷயத்தில் ஒரு போர்க்கால விபத்து, சில சாட்சிகள், எரிந்துபோன உடல். ஐயத்துக்கு இடம் இருந்தது. நிலா விஷயத்தில் கல் இருக்கிறது, பல நாட்டு ஆய்வகங்கள் ஆராய்ந்தன. அங்கே வைத்த கண்ணாடிகள்மீது இன்றும் லேசரைப் பாய்ச்சித் தூரம் அளக்கிறார்கள். எந்தச் சான்று வந்தால் மனத்தை மாற்றிக்கொள்வாய் என்று ஒருவரைக் கேளுங்கள். நேதாஜியைப் பற்றி என்னிடம் கேட்டால் பதில் வைத்திருக்கிறேன். நிலாவை மறுப்பவரிடம் கேட்டால், நீங்கள் காட்டுகிற ஒவ்வொன்றும் சதியின் இன்னொரு பகுதி என்பார். எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் என்று மகனிடம் சொன்னால், எடைபோடவே வேண்டாம் என்று கற்றுக்கொடுத்ததாகும்.

தஞ்சையிலிருந்து: நேதாஜி போதும் ஐயா! மாமனார் பேரனிடம் தடுப்பூசி ஆபத்து என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

மன்னியுங்கள் அம்மா, நீண்டுவிட்டது. ஊசியைப் பற்றிய ஐயத்துக்குக் குழந்தை மருத்துவரிடம் மாமனாரையே அழைத்துப் போங்கள். ஆட்டிசம் வரும் என்று கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதியது, 2010இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே திரும்பப் பெற்றது. பேரன் முன்னால் தாத்தாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

விருதுநகரிலிருந்து: ஐந்து வயதுக்குச் சொல்லலாமா?

கோவைக்கும் சேலத்துக்கும் சொன்னதைப் படியுங்கள்.

கரூரிலிருந்து: இலுமினாட்டி இப்போதும் இருக்கிறதா?

மேலே ஈரோட்டுக்குச் சொல்லிவிட்டேன். இனி இந்தப் பெயரோடு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

கோவைத் தாய் மீண்டும்: ஐயா, இப்போதே உலக்கையை நிறுத்திப் பார்த்தோம். விழுந்துவிட்டது. மகள், "அப்படியானால் கிரகணம் வேண்டும்தானே?" என்கிறாள்.

பூண் ஒருபக்கம் தேய்ந்திருக்கும், அல்லது தரை சரிவாக இருக்கும். மறுமுனையை வைத்துப் பாருங்கள், பிறகு பக்கத்து வீட்டு உலக்கையை வாங்கிப் பாருங்கள். இன்று விழுந்ததை மறைக்க வேண்டாம். தேதி போட்டு மகளையே நோட்டுப்புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கிரகணத்தன்று இதே உலக்கையை, இதே தரையில், அவளே நிறுத்திப் பார்க்கட்டும்.