மறுபடி குடிக்க ஆரம்பித்த கணவர்: பூட்டி வைக்க வேண்டாம்

வணக்கம் சகோதரி. நான்கு மாதம் நிறுத்தியிருந்த கணவர் மூன்று வாரமாக மறுபடி தினமும் குடிக்கிறார், அறையில் பூட்டி வைக்கலாமா, சாப்பாட்டில் மாத்திரை கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம்.

பூட்டி வைத்தால் குடி சட்டென்று நின்றுவிடும். தினமும் நிறையக் குடிப்பவர் அப்படி நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றல் வரும், அது உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடியை விட டாக்டர்கள் தரும் டைசல்பிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் குடித்தும்விட்டால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது என்று மோசமாகும். கலக்கவே கலக்காதீர்கள்.

நான்கு மாதமும் வீண் என்று அழுதிருக்கிறீர்கள். வீணில்லை. 1980களில் புரொசாஸ்கா, டிகிளெமென்டி என்ற உளவியலாளர்கள் புகைப்பதை நிறுத்தியவர்களை ஆராய்ந்து, பழக்கத்தை விடும் வழியை யோசிக்காத நிலை, யோசிக்கும் நிலை, தயாராவது, செயலில் இறங்குவது, தக்கவைப்பது என்று படிகளாகப் பிரித்தார்கள். பெரும்பாலானோர் இதில் வழுக்கி, மறுபடி ஏறித்தான் வருகிறார்கள். "நிறுத்தணும்னு தோணுது, முடியல" என்கிறாரே, அவர் யோசிக்கும் நிலையில் இருக்கிறார். இப்போது திட்டினால் ஒளித்துக் குடிப்பார். போதையில்லாத காலை நேரத்தில், அந்த முதல் கிளாஸை எடுத்த அன்று என்ன நடந்தது, யார் கூட இருந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை டாக்டரிடம் சொல்லுங்கள், குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்து பற்றியும் விசாரியுங்கள். கல்லீரல் பரிசோதனை பார்த்துத்தான் தருவார்கள்.